மெட்டபொலைட்டுக்கு ஜோடிப் புரதம் தேடும் முறைகள்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கையில் ஒரு மெட்டபொலைட், அதாவது வளர்சிதை மாற்றத்தில் உண்டாகும் ஒரு சிறு மூலக்கூறு, இருக்கிறது. செல்லில் அது ஏதோ செய்கிறது என்பதும் தெரிகிறது. ஆனால் எந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்கிறது என்றுதான் தெரியவில்லை. இந்த இடத்தில் வந்து நிற்கும் ஆராய்ச்சி மாணவர்கள் நிறையப் பேர். கேட்டலாக்கைப் புரட்டினால் பீட்ஸ், கிட், சர்வீஸ் எல்லாமே இந்தக் கேள்விக்கு விடை தருவதாகத்தான் விற்கப்படுகின்றன. நான் வேலூரில் முனைவர் பட்டத்துக்காக இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். எங்களுடையது சிறிய லேப், கிரான்ட்டும் அளவானது. நாங்கள் பணம் கொடுத்து வாங்கியவற்றில் எது உழைத்தது, எது அலமாரியில் தூங்குகிறது என்று எழுதினால் அடுத்து பர்ச்சேஸ் ஆர்டர் போடுபவருக்கு உதவும்.

என் மூலக்கூறு இண்டோல்-3-புரோப்பியானிக் அமிலம். பருப்பிலும் முட்டையிலும் கிடைக்கும் டிரிப்டோஃபானை குளோஸ்ட்ரிடியம் ஸ்போரோஜெனஸ் போன்ற குடல் பாக்டீரியாக்கள் இப்படி மாற்றுகின்றன. நம் செல்களால் இதைச் செய்ய முடியாது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் ரத்தத்தில் இது இருப்பதில்லை. குடல் நோய் ஆராய்ச்சியில் வேலூருக்கு நீண்ட நாள் பெயர் உண்டு, அதனால் குடல் பாக்டீரியா விடுகிற ஒரு மூலக்கூறு கல்லீரல் செல்லில் யாரைச் சந்திக்கிறது என்ற கேள்வி இங்கே யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. என் வழிகாட்டியான மேடமும் உடனே சரி என்றார்.

முதலில் வாங்கியது ஸ்ட்ரெப்டாவிடின் மேக்னடிக் பீட்ஸ், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்ணிய காந்த மணிகள். மூலக்கூறின் ஒரு முனையில் பயோட்டினை ஒட்டி, அதை செல்களை உடைத்து எடுத்த செல் சாறில் கலந்து, காந்தத்தால் பீட்ஸை இழுத்துக் கழுவினால் கூடவே வருவது ஜோடிப் புரதம் என்பது கணக்கு. பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும் பிடித்துக்கொள்வது உயிரியலில் தெரிந்த மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று, சுலபத்தில் விடாது. ஆனால் நாம் தேடுவது வேறு பிணைப்பு. மெட்டபொலைட்டுகள் பெரும்பாலும் மைக்ரோமோலார், சில சமயம் மில்லிமோலார் அளவில்தான் புரதங்களோடு ஒட்டுகின்றன. மருந்துபோல நானோமோலாரில் இறுக்கமாகப் பிடிப்பதில்லை (இந்த அளவு கூடக் கூடப் பிடி தளர்வு). இரண்டு முறை நன்றாகக் கழுவினாலே போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அளவு. என் மூலக்கூறின் எடை 189. பயோட்டினின் எடை 244. ஒட்டுகிற வால் மூலக்கூறைவிடப் பெரியது! அதோடு பயோட்டினை மாட்ட எனக்குக் கிடைக்கும் வசதியான இடம் கார்பாக்சில் முனை ஒன்றுதான். புரதம் அந்த முனையைப் பார்த்துத்தான் இதை அடையாளம் காண்கிறது என்றால் மாட்டியவுடனே கதை முடிந்தது. கல்லீரல் செல் சாறில் இன்னொரு தொல்லையும் உண்டு. பைருவேட் கார்பாக்சிலேஸ், புரோப்பியோனில்-கோஏ கார்பாக்சிலேஸ் போன்ற நொதிகளில் இயற்கையாகவே பயோட்டின் இருக்கிறது. நாம் எதை மாட்டி அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 130 கிலோடால்டன் பக்கமும் 75 பக்கமும் தடித்த பட்டைகளாக அவை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக்டின், டியூபுலின், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எல்லாம் அழையாமல் வருகிற கூட்டம்.

இந்த முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2010-இல் ஈஸ்ட்டில் எர்கோஸ்டெரால் போன்ற கொழுப்பு வகை மெட்டபொலைட்டுகள் கைனேஸ் என்ற நொதிகளோடு ஒட்டுவதைக் கண்டுபிடித்தவர்கள் வேறு பக்கத்திலிருந்து இழுத்தார்கள். புரதத்தில் வால் மாட்டி அதை இழுத்து, கூட என்ன சிறு மூலக்கூறு வருகிறது என்று பார்த்தார்கள். வால் மாட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால் அதைப் பெரிய ஆளான புரதத்தின் மேல் மாட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் மூலக்கூறு பெரியதாகவும், வால் மாட்டினால் செயல் கெடாத இடம் எது என்று முன்பே தெரிந்ததாகவும் இருந்தால் பீட்ஸ் வாங்குங்கள். அப்போதும் வால் இல்லாத அசல் மூலக்கூறை அதிகமாகக் கலந்து, போட்டியில் பட்டை மறைகிறதா என்று பார்க்கும் கன்ட்ரோல் இல்லாமல் எதையும் நம்ப வேண்டாம். 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் சட்டென்று நிரந்தரமான கோவலன்ட் பிணைப்பாக மாறும் டயசிரின் சமாச்சாரமும் உண்டு. வால் மிகச் சிறியது, பிடித்ததை விடாது, அருமையான வேதியியல். ஆனால் அதை உங்களுக்காக செய்து தர ஒரு கரிம வேதியியல் நண்பர் வேண்டும். எங்களுக்கு அமையவில்லை, அதனால் அதைப் பற்றி மேலே பேசவில்லை.

எங்கள் லேபில் உண்மையில் உழைத்தது புரோனேஸ். ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) கலவை, வெள்ளைத் தூள், சின்னக் குப்பி. ஒரு குப்பி பீட்ஸ் விலைக்கு இதையும் வாங்கி, ஜெல் போடத் தேவையான சாமான்களும் வாங்கிவிடலாம். இதை வைத்துச் செய்யும் முறைக்கு டார்ட்ஸ் என்று பெயர். 2009-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜிங் ஹுவாங் குழு வெளியிட்டது. எதையும் எதோடும் ஒட்ட வேண்டாம். செல் சாறை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மெட்டபொலைட், மற்றதில் வெறும் கரைப்பான். இரண்டிலும் புரோனேஸ் போட வேண்டும். மெட்டபொலைட் வந்து உட்கார்ந்த புரதம் இறுகிக்கொள்வதால் புரோட்டியேஸால் சீக்கிரம் வெட்ட முடியாது. ஜெல்லில் அந்தப் பட்டை மட்டும் மிஞ்சி நிற்கும்.

மெட்டபொலைட் உலகத்தில் இந்த முறைக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது 2014-இல் வந்த ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட் ஆய்வு. அந்த எளிய மூலக்கூறு சி. எலெகன்ஸ் புழுவின் ஆயுளைக் கூட்டுகிறது என்று பார்த்து, எதைப் பிடித்துச் செய்கிறது என்று டார்ட்ஸில் தேடினார்கள். கிடைத்தது ஏடிபி சிந்தேஸின் பீட்டா துணையலகு. கிரெப்ஸ் சுழற்சியில் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஒரு மூலக்கூறுக்கு, மைட்டோகாண்ட்ரியாவின் மின் நிலையத்தையே மெதுவாக்கும் வேலையும் இருக்கிறது என்று ஒரு ஜெல் பட்டை காட்டிக் கொடுத்தது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம்.

வேலூரில் இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது வெப்பம். புரோட்டோகால்களில் அறை வெப்பநிலையில் சில நிமிடம் வையுங்கள் என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும், கரன்ட் போய் ஏசி நின்றால் லேப் பெஞ்ச் எங்கேயோ போய்விடும். புரோட்டியேஸ் சூடு ஏற ஏற வேகமாக வெட்டும். சீனியர் அக்கா ஒருவர் முதல் நாளே சொன்னார்: "அவங்க போட்டிருக்கிறது அவங்க ஊரு ரூம் டெம்பரேச்சர். நீ 25-ன்னு நம்பர் வெச்சுக்கோ, அதுல மட்டும் செய்." சூடாக்க மட்டும் தெரிந்த வாட்டர் பாத் கோடையில் இதற்கு உதவாது. கூலிங் உள்ள தெர்மோமிக்ஸர் பக்கத்து லேபில் இருந்தது, கேட்டுச் செய்தோம். பிப்ரவரியில் எடுத்த ஜெல்லும் மே மாதம் எடுத்த ஜெல்லும் ஒன்றுபோல வந்தது அதனால்தான்.

புரோனேஸின் அளவும் முக்கியம். புரதத்துக்கு 1:100-இலிருந்து 1:10,000 வரை ஏணிபோல வைத்துப் பார்த்து, பாதி வெட்டுப்பட்ட நிலை எது என்று பிடிக்க வேண்டும். முழுக்க வெட்டினாலும் தெரியாது, வெட்டாவிட்டாலும் தெரியாது. குப்பியைக் கரைத்தவுடன் சின்னச் சின்ன அளவாகப் பிரித்து உறைய வைத்துவிட வேண்டும். உருக்கி மறுபடி உறைய வைத்தால் பலம் மாறும், ஏணியை மறுபடி ஏற வேண்டும்.

அப்புறம் மெட்டபொலைட் வேலைக்கென்றே இரண்டு விஷயங்கள். செல் சாறில் ஏற்கனவே செல்லின் சொந்த மெட்டபொலைட்டுகள் எல்லாம் இருக்கின்றன. ஈ. கோலி பாக்டீரியாவில் குளுட்டமேட் மட்டுமே கிட்டத்தட்ட 100 மில்லிமோலார். இருக்கை ஏற்கனவே நிறைந்திருந்தால் நாம் சேர்ப்பதற்கு இடமில்லை. அதனால் சாறை டீசால்டிங் காலம் (column) என்ற சின்ன வடிகட்டும் குழாயில் ஓடவிட்டு சிறு மூலக்கூறுகளைக் கழித்துவிட வேண்டும். அந்தக் குழாய்களுக்குக் கொடுத்த பணம் எங்கள் பட்டியலிலேயே நியாயமான செலவு. இன்னொன்று, மெட்டபொலைட்டுகள் பல அமிலங்கள். மில்லிமோலார் கணக்கில் அப்படியே ஊற்றினால் பஃபரின் பிஎச் இறங்கி, புரோட்டியேஸ் மந்தமாகி, எல்லாப் புரதமும் காப்பாற்றப்பட்டதுபோல ஜெல் பொய் சொல்லும். சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கி, பிஎச் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டே சேர்க்கிறோம்.

வெப்பத்தை எதிரியாக இல்லாமல் கருவியாக வைத்துக்கொள்ளும் முறை செட்சா. 2013-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேர் நார்ட்லண்ட் குழு வெளியிட்டது. புரதம் சூட்டில் குலைந்து திரண்டுவிடும். ஜோடி உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் இன்னும் சில டிகிரி தாங்கும். முட்டை வேகும் கதைதான், ஆனால் ஒவ்வொரு புரதத்துக்கும் வேகும் புள்ளி வேறு. இதற்கு நாங்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லை. கிரேடியன்ட் வசதியுள்ள சாதாரண பிசிஆர் மெஷின் ஒரே நேரத்தில் பல வெப்பநிலை தரும். செல்களை 3 நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, திரவ நைட்ரஜனில் உறையவும் உருகவும் வைத்து உடைத்து, வேகமான சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் குலைந்தது அடியில், தாங்கியது மேலே. ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்துவிடலாம். ஒப்பீட்டுக்கு எஸ்ஓடி1 நல்ல புரதம், அதிகச் சூடு தாங்கும். ஒரு சந்தேகப் புரதம் ஏற்கனவே மனதில் இருந்தால், அதற்கு நல்ல ஆன்டிபாடியும் இருந்தால், இதைவிடச் சிக்கனமான சோதனை எனக்குத் தெரியாது. மனதில் யாரும் இல்லை என்றால் இது போதாது. அப்போது 2014-இல் வந்த அதன் விரிவு வேண்டும், 37-இலிருந்து 67 டிகிரி வரை பத்துப் படிகளில் ஆயிரக்கணக்கான புரதங்களை மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் கருவி) ஒரே மூச்சில் பார்ப்பது. அதற்கான லேபிள் ரசாயனத்தின் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு நாங்கள் விலகிக்கொண்டோம்.

சைப்ரோ ஆரஞ்ச் சாயத்தைப் பற்றி நல்ல வார்த்தை மட்டும்தான் சொல்ல இருக்கிறது. 5000 மடங்கு செறிவில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் வருகிறது, துளித் துளியாகச் செலவாகும், ஒரு குப்பி ஒரு முழு ஆய்வுக்கும் வரும். சுத்தமான புரதத்தோடு கலந்து, குவான்டிடேட்டிவ் பிசிஆர் மெஷினில் 25-இலிருந்து 95 டிகிரிக்கு மெல்ல ஏற்றினால், புரதம் குலைந்து உள்ளிருக்கும் கொழுப்பு விரும்பும் பகுதிகள் வெளியே வரும்போது சாயம் ஒளிரும். வளைவு வலப்பக்கம் நகர்ந்தால் ஜோடி ஒட்டியிருக்கலாம். டிட்டர்ஜென்ட் இருந்தால் மட்டும் தொடக்கத்திலேயே ஒளிர்ந்து வளைவைக் கெடுத்துவிடும். ஏடிபி போன்றவற்றை மில்லிமோலாரில் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 5 முதல் 10 மில்லிமோலார் ஏடிபி, பிணைப்பே இல்லாமல் பல புரதங்களைத் திரளவிடாமல் கரைசலில் வைத்திருக்கும் என்று 2017-இல் காட்டியிருக்கிறார்கள். சூடு தாங்கியதெல்லாம் ஜோடி ஆகிவிடாது.

இனி பெரிய செலவு. டார்ட்ஸில் ஒரு பட்டை நிற்பது தெரியும், ஆனால் அந்தப் பட்டைக்குள் பல புரதங்கள் இருக்கும், மெலிந்த புரதங்கள் ஜெல்லில் தெரியவே தெரியாது. அதற்காகப் பெருநகரம் ஒன்றில் உள்ள மாஸ் ஸ்பெக் மையத்தில் லிப்-எம்எஸ் சேவைக்குப் பணம் கட்டினோம். சூரிச்சில் பாவோலா பிக்கோட்டி குழு வளர்த்த முறை இது. புரோட்டினேஸ் கே ஓரிரு நிமிடம் மட்டும் வெட்டும், பிறகு புரதத்தை முழுக்கக் குலைத்து டிரிப்சினால் வெட்டுவார்கள். ஒரு முனை டிரிப்சின், மறு முனை புரோட்டினேஸ் கே வெட்டிய அரைகுறைத் துண்டுகளைக் கணக்கெடுத்தால், எந்தப் புரதம் என்பதோடு அதன் எந்தப் பக்கத்தில் மாற்றம் என்பதும் தெரியும். 2018-இல் அவர்கள் ஈ. கோலியில் 20 மெட்டபொலைட்டுகளை இப்படி ஓட்டி 1,678 ஜோடிகளையும் 7,345 பிணைப்பு இட வாய்ப்புகளையும் பட்டியலிட்டார்கள். படித்தபோது பிரமித்துப் போனேன். அந்த ஜோடிகளில் பெரும்பங்கு அதற்கு முன் யாருக்கும் தெரியாதவை.

சாம்பிளை அனுப்புவதுதான் வேலூர்க்காரர்களுக்குப் பாடு. உலர்பனி சென்னையிலிருந்து வரவழைத்தோம். மையத்தினர் செல் சாறு வேண்டாம், உறைந்த செல்களாகவே அனுப்புங்கள், நாங்கள் உடைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அது நல்ல முடிவு, உறைந்து உருகும் சாறில் சில புரதங்கள் தம் வடிவத்தை இழக்கலாம். டிட்டர்ஜென்ட் எதுவும் கலக்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். கூரியரை நம்பாமல் தெர்மாகோல் பெட்டியைக் காரில் கையோடு கொண்டு போனோம். உலர்பனி கரியமில வாயுவாக ஆவியாகும் என்பதால் பெட்டியை இறுக மூடாமல், கார் கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கி வைத்தே போனோம். 1986 பிப்ரவரியில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அவர் கணவரும் ரத்த சாம்பிள்களை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னையிலிருந்து இரவு ரயிலில் காட்பாடி வந்து, ஆட்டோ பிடித்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) கொண்டுபோனார்கள். இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் அந்தப் பெட்டியில்தான் தெரியவந்தன. அந்தப் பெட்டி போகாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால், சாம்பிளைக் குளிர் குறையாமல் சேர்ப்பதும் ஆராய்ச்சியில் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மையத்தின் வேலைத்தரம் உயர்ந்தது. ஒரே செறிவில் சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டை மட்டும் ஒப்பிடாமல், மெட்டபொலைட்டைப் படிப்படியாகக் கூட்டி ஒவ்வொரு படியிலும் அளக்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். செலவு கூடியது, ஆனால் அதுதான் பணத்துக்கு மதிப்பு. வெறும் ஒப்பீட்டில் மாறியதாகத் தெரிந்த பெப்டைடுகள் (புரதத் துண்டுகள்) பல நூறு. செறிவு ஏற ஏற ஒழுங்காக ஏறி ஒரு இடத்தில் நிலைத்தவை என்று வடிகட்டியபோது பட்டியல் ஒரு பக்கத்துக்குள் வந்தது. அதில் மேலிருந்த ஒரு நொதி, எங்கள் டார்ட்ஸ் ஜெல்லில் நின்ற பட்டையின் அளவோடு பொருந்தியது. சுத்தமாக எடுத்து சைப்ரோ ஆரஞ்சில் ஓட்டினோம், வளைவு நகர்ந்தது. கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதால் அதன் பெயரை இங்கே சொல்ல முடியாது.

குறை ஒன்று உண்டு. முடிவுகள் எக்செல் கோப்பாக மட்டும் வந்தன. மெஷினிலிருந்து வரும் மூலக் கோப்புகளைக் கேட்டபோது அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அது கொட்டேஷனில் இல்லை. மூலக் கோப்புகளை பிரைட் போன்ற பொதுக் களஞ்சியத்தில் போடாமல் இன்று பல நல்ல இதழ்கள் புரோட்டியோமிக்ஸ் (புரதங்களை மொத்தமாக அளக்கும்) கட்டுரையை ஏற்பதில்லை, ஆகவே அவை சேவையின் ஒரு பகுதிதான். மாணவர் ஒருவரின் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாயாக இருக்கும் நாட்டில் இப்படிப் பின்னால் வரும் கட்டணம் வலிக்கிறது. எத்தனை ரெப்ளிகேட் (அதே சோதனையை எத்தனை முறை செய்வார்கள்), மூலக் கோப்பு உண்டா, எந்த மென்பொருளில் எந்த வரம்பில் கணக்கிட்டார்கள், மூன்றையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்போது மறுபடி தொடங்கினால் பீட்ஸை விட்டுவிட்டு, புரோனேஸும் டீசால்டிங் குழாயும் சைப்ரோ ஆரஞ்சும் முதல் ஆர்டரில் போடுவேன். டார்ட்ஸில் நம்பும்படி ஏதாவது வந்த பிறகே லிப்-எம்எஸ்ஸுக்கு.

கடைசியாக வாங்கியது டயாலிசிஸ் மெம்பரேன், 10 கிலோடால்டன் அளவு. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜாரட் ரட்டர் குழு 2023-இல் மனித கார்போஹைட்ரேட் வளர்சிதையின் 33 நொதிகளை இந்த வழியில் சோதித்து 830 ஜோடிகளைக் கண்டார்கள். சவ்வின் ஒரு பக்கம் புரதம், இரு பக்கமும் மெட்டபொலைட். புரதம் பிடித்துவைத்தால் அந்தப் பக்கம் மெட்டபொலைட் கூடுதலாகச் சேரும். அவர்கள் மாஸ் ஸ்பெக்கில் நூற்றுக்கணக்கான மெட்டபொலைட்டுகளை ஒன்றாக அளந்தார்கள். எனக்கு ஒரே மூலக்கூறுதான், அதுவும் இண்டோல், தானே ஒளிர்வது. ஒளிர்வை அளக்கும் சாதாரண ஃப்ளூரிமீட்டரே போதும், புரதம் இல்லாத பக்கத்தை அளந்தால் கணக்கு வந்துவிடும். ரத்தத்தில் டிரிப்டோஃபானைச் சுமந்து போவது ஆல்புமின் என்பதால், ஃப்ரிட்ஜில் எப்போதும் இருக்கும் மாட்டு ஆல்புமினையும் டிரிப்டோஃபானையும் வைத்து முதலில் ஓட்டிப் பார்த்தேன், வித்தியாசம் தெளிவாக வந்தது. அடுத்த வாரம் அந்த நொதியை வைத்து ஓட்டப் போகிறேன். மெம்பரேன் ஒரு சுருள் வாங்கினால் பல லேப்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம், வெட்டி, ஊற வைத்து, குளிரில் வைத்தால் கெடாது.